குளிர்கால ஜாடி

கஜபதிக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தவளைதான்.

சென்னையில் விலங்கியல் படிக்கும் மாணவர்கள் அறுத்துப் பார்க்கத் தவளை வேண்டும். திருவாலங்காட்டு நெல் வயல்களில் பிடித்து, ஈரக் கோணியில் கட்டி, ரயிலில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்று சில ஆட்கள் இருந்தார்கள். வெயில் காலத்தில் பாதித் தவளை வழியிலேயே செத்துவிடும். கஜபதியின் கோணியில் மட்டும் ஒன்றும் சாகாது. வண்டி நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் குதித்து இறங்கிக் குழாயடிக்கு ஓடி, கோணியை நனைத்துக்கொண்டு, கார்டு கொடியை அசைப்பதற்குள் திரும்ப ஓடிவந்து தொற்றிக்கொள்வான்.

"எப்படிப்பா உன் தவளை மட்டும் உயிரோட வந்து சேருது?" என்று கல்லூரியில் புரொபசர் பரசுராமன் ஒருநாள் கேட்டார்.

"வழி பூரா பயந்துகினே வரேன் சார். அதான்" என்றான் கஜபதி.

அந்தப் பதில் புரொபசருக்குப் பிடித்துப்போயிற்று. அட்டெண்டர் வேலை காலியானபோது அவனையே கூப்பிட்டுக்கொண்டார். கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஜாடிகளைத் துடைப்பது, மைக்ராஸ்கோப்புக்கு உறை போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. மனைவி தமயந்தி திருத்தணியில், நந்தி ஆற்றுப் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். சனிக்கிழமை மாலை வண்டியில் வந்து திங்கட்கிழமை காலை வண்டியில் போவான். வேலையில் சேர்ந்த பிறகும் பயம் அவனை விடவில்லை. கல்லூரியைப் பூட்டிவிட்டு சென்ட்ரல் ஸ்டேஷன் வரை நடந்துபோனவன், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வந்ததும் உண்டு.

புரொபசருடைய ஆராய்ச்சி தென் துருவக் கடலைப் பற்றியது. அவர் அந்தக் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. சீமையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கப்பல் பல வருஷமாக அங்கே போய், பனியின் ஓரமாகவே சுற்றி, கடலின் வெவ்வேறு ஆழத்தில் வலை இறக்கி வந்தது. வலையில் வந்ததைச் சீமையில் உள்ளவர்கள் பல ஊர் விஞ்ஞானிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அங்கே படித்துவிட்டு வந்த புரொபசருக்கும் ஒரு பங்கு வந்தது. ஒரு பெட்டி நிறையக் கடலடிச் சேறும் கற்களும். மற்றப் பெட்டிகளில் ஸ்பிரிட் ஊற்றிய ஜாடிகள்.

ஜாடிகளில் இருந்தது கூனி என்கிற இறால் இனம். நம் சந்தையில் காய்ந்து வரும் கூனிக்கு அது தூரத்து உறவு. முற்றினால் விரல் நீளம் இருக்கும். அந்தக் கடலின் திமிங்கிலங்கள் இதைத் தின்றுதான் மலை மலையாகக் கொழுக்கின்றன. ஆனால் ஒரு கூனி முற்றுவதற்கு ஒரு வருஷம் பிடிக்கிறதா, அதற்கு மேலா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் புரொபசர் எடுத்துக்கொண்ட வழி, வெவ்வேறு மாதத்தில் பிடித்த கூனிகளை நீளம் அளந்து, வரிசைப்படுத்திப் பார்ப்பது. கோடை மாதத்துக் கூனி எத்தனையோ ஊர்களில் இருந்தது. குளிர்காலத்தில் கடலின் மேற்பரப்பே உறைந்து தளம் போட்டதுபோல் ஆகிவிடுமாம். கப்பல் கிட்டே போனால் பனி இறுக்கிக்கொள்ளுமாம். ஒரே ஒரு முறை துணிந்து பனி விளிம்பை ஒட்டி நின்று வலை இறக்கினார்கள். அதில் வந்ததில் ஒரு ஜாடி புரொபசரிடம் இருந்தது. அதைக் குளிர்கால ஜாடி என்பார்கள். யுத்தம் வந்த பிறகு அந்தப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போக எந்தக் கப்பலும் இல்லை. ஆகையால் அந்த ஜாடி போனால் போனதுதான்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை காலியாயிற்று. வகுப்புகளை உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். புரொபசரும் அங்கே போக வேண்டியிருந்தது. ஜாடிகளை அவ்வளவு தூரம் கொண்டுபோனால் உடையும். "உன் ஊர்ல குண்டு போட ஜப்பான்காரனுக்கு என்னப்பா இருக்கு? நான் கூப்பிடற வரைக்கும் ஊர்லயே இருந்து நீயே வெச்சுக்கோ" என்று கஜபதியிடம் ஒப்படைத்தார். ஒப்படைக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒரு ஜாடியில் இருப்பதை இன்னொரு ஜாடியில் ஊற்றக் கூடாது. ஒரு குஞ்சு தவறி மாறிப்போனாலும் மாதக் கணக்குக் கெட்டுவிடும். ஸ்பிரிட் குறைந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அழுகிவிடும். ஊற்றுவதற்கு ஒரு டின் ஸ்பிரிட் பின்னாலேயே வரும்.

ஜாடிகள் திருத்தணி வீட்டு உள் அறைக்கு வந்து சேர்ந்தன. தமயந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவ்ளோ பெரிய கூனிய கொழம்பு வெக்காம ஊறப்போட்டு வெச்சிகினு இருக்காரே உங்க புரொபசரு."

"ஏய், கிட்ட போவாத. மூடி ஆடிடும்."

"இது இன்னாங்க, கல்லு?"

"பனிமலை கரைய சொரண்டிகினு போயி, நடுக்கடல்ல உருகும்போது கீழ போட்டுட்ட கல்லு. மேல பாரு, கீறல் கீறலா இருக்குது. பனிக்கு அடியில எந்த மாதிரி பூமி இருக்குதுன்னு இத வெச்சித்தான் சொல்லுவாங்களாம்."

"இந்தக் கல்லு ஒண்ணுதான் உங்கள பாடு படுத்தாம குந்திகினு இருக்குது" என்றாள் தமயந்தி.

ஸ்பிரிட் டின் வந்தது, வீட்டுக்கு வரவில்லை. தமயந்தியின் தம்பி கண்ணையன் ஸ்டேஷனில் குதிரை ஜட்கா ஓட்டுகிறவன். அவன்தான் ஓடிவந்து, டின்னை மதுவிலக்கு ஆபீசர் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று சொன்னான். கஜபதி போய்க் கைகட்டி நின்றான்.

"பர்மிட் மெட்ராஸுக்கு வாங்கியிருக்கு. இது சித்தூர் ஜில்லா. இங்க மதுவிலக்கு இருக்கறது தெரியாதா? ஒரு சொட்டு எறக்க விடமாட்டேன்" என்றார் ஆபீசர்.

"ஏற்கெனவே ஜாடியில இருக்கறதுங்க?"

"அதுல ஜந்து கிடக்குது. அது காட்சிப் பொருள். இது வெறும் ஸ்பிரிட். சரக்கு."

பின்னால் நின்ற கண்ணையன், "அப்போ டின்னுல ஒரு மீன புடிச்சி போட்டுட்டா செரியாப்பூடுங்களா?" என்றான்.

"உன்னைப் பிடிச்சு உள்ள போட்டா சரியாப்போகும்" என்றார் ஆபீசர். அவர் சட்டப்படி செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சித்தூர்க் கலெக்டருக்கு விண்ணப்பம் போயிற்று, பதில் வரவே இல்லை. டின் வந்த வழியே சென்னைக்குத் திரும்பிப் போயிற்று.

திரும்பும் வழியில் ஜட்காவில் கண்ணையன் அக்காள் புருஷனிடம் மெதுவாகப் பேச்செடுத்தான்.

"பாவா, அந்த ஜாடியில ரெண்டு மொடக்கு மோந்து குடுத்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"டேய், அது வெஷம்டா. பார்மலின் கலந்தது. உள்ள போனா கொடலு வெந்துடும்."

"நீ சொல்ற வெஷத்தத்தான் நாலு வருஷமா இந்த ஜில்லா பூரா தேடிகினு இருக்கேன்."

கண்ணையன் சிரித்தான். கஜபதிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே உள் அறைக்கு ஒரு பூட்டு வாங்கினான்.

கத்திரி தொடங்கியது. மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ஊர்மேல் விட்டன. ஜாடி மூடிகளைச் சுற்றி ஒட்டியிருந்த மெழுகு வழிந்து, இடுக்கு வழியாக ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் அதன் நெடி. கஜபதி ஒவ்வொரு ஜாடிக்கும் ஸ்பிரிட் நிற்கும் மட்டத்தில் ஒரு நூல் கட்டினான். மறுநாள் பார்த்தால் நூல் மேலே, ஸ்பிரிட் கீழே. ஈரச் சாக்கு சுற்றினான். மெழுகு காய்ச்சி ஒட்டினான். மத்தியானத்தில் அது திரும்ப வழிந்தது. ஊற்றவும் வழியில்லை, மாற்றவும் அனுமதியில்லை. கூனிகள் கண்ணாடி வழியாகக் கறுப்பு முத்துக் கண்களோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பனியில பொறந்ததுங்கள கொண்டாந்து கத்திரியில வெச்சிருக்கேன்" என்று தமயந்தியிடம் புலம்பினான்.

அவள் அப்போது ஆவக்காய் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமெல்லாம் மாங்காய் வந்தால் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. பீங்கான் ஜாடியில் காயையும் காரத்தையும் அழுத்தி, மேலே நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"மேல ஒரு வெரல் எண்ணெய் நின்னா உள்ள இருக்கறது வருஷத்துக்கும் அப்டியே இருக்குதில்ல? உங்க கூனிக்கும் ஊத்துங்களேன். எண்ணெய் மூடிகினா எப்டிங்க ஆவியாவும்?"

"புரொபசரு தண்ணி ஊத்தாதன்னாரு."

"எண்ணெய் ஊத்தாதன்னாரா?"

கஜபதி யோசித்தான். "அத சொல்லல" என்றான்.

மற்ற ஜாடிகளைவிடக் குளிர்கால ஜாடிமேல்தான் அவனுக்குப் பயம் அதிகம். ஆகவே அதை முதலில் எடுத்தான். மூடியைத் திறந்து, ஊர் முருகன் கோயில் மலையின் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எண்ணெயைச் சாய்த்தான்.

எண்ணெய் மேலே நிற்கவில்லை. மஞ்சள் கயிறுபோல் நேராகக் கீழே இறங்கி, கூனிகளின்மேல் பரவி, அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாங்க இது, எண்ணெய் முழுவுது!" தமயந்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "பொறந்ததிலிருந்து எண்ணெய் முழுவி நான் பார்த்ததே இல்ல."

எண்ணெயை வெளியே எடுக்கக் கரண்டியை விட்டால், தொட்டாலே ஒடிகிற கால்கள் ஒடிந்துவிடும். கவிழ்த்தால் ஸ்பிரிட் போய்விடும். கஜபதி மூடியை மூடி, மெழுகு ஒட்டி, மூலையில் சாக்கால் மறைத்து வைத்தான். மற்ற ஜாடிகளைத் தொடவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்குப் புரொபசர் வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை அவனுக்கு அந்த அறைக்குள் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். உலகத்தில் இனிக் கிடைக்காத ஒன்றைப் பாழாக்கிவிட்டோம் என்ற எண்ணம் அவனோடு எழுந்து அவனோடு படுத்தது.

ஆனியில் ஒருநாள் காலை குளிர்கால ஜாடியின் சாக்கை விலக்கிப் பார்த்தவன் அலறாத குறை. அடியில் இருந்த எண்ணெய் மேலே வந்து, ஆவக்காய்க்கு நிற்பதுபோல் தட்டையாக நின்றுகொண்டிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தான். மூக்கைத் துளைக்கும் ஸ்பிரிட் வாசனை இல்லை. எள்ளெண்ணெய் வாசனைதான் வந்தது.

எண்ணெய் எதன்மேல் மிதக்கும்? தண்ணீரின்மேல் மிதக்கும். அப்படியானால் உள்ளே இருப்பது தண்ணீர். யாரோ ஸ்பிரிட்டை ஊற்றி எடுத்துக்கொண்டு தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். சாவி தமயந்தியின் இடுப்பில் இருக்கும். அக்காள் இடுப்பிலிருந்து சாவியை எடுக்கக் கூடியவன் ஊரில் ஒருவன்தான்.

அடுத்த நினைப்பு அதைவிட மோசமாக வந்தது. பார்மலின். குடித்திருந்தால் இந்நேரம் கண்ணையன் உயிரோடு இருப்பானா?

மேல்துண்டு இல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடினான். ஜட்கா ஸ்டாண்டில், புளியமரத்து நிழலில், வண்டிக்குள் கண்ணையன் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தான். கஜபதி அவனைக் கீழே இழுத்துப் போட்டு, டீக்கடையில் உப்பை அள்ளித் தண்ணீரில் கரைத்து, வாயைப் பிளந்து ஊற்றினான்.

"கக்குடா! எவ்ளோ குடிச்ச? சொல்லு, எவ்ளோ குடிச்ச?"

"இன்னாத்த குடிச்சேன்?" கண்ணையன் இருமிக்கொண்டே எழுந்தான். "கூழு குடிச்சேன் பாவா! கேவுரு கூழு!"

"கண்ணக் காட்டு!"

ஜட்காக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "பாவாவோட சாராயத்த மச்சான் தீத்துட்டான்டோய்" என்று ஒருவன் கத்தினான். கண்ணையனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாக்கத் தொங்கப் போட்டுகினு கேட்டது நெசம். கேட்டேன். திருடினேனா? என் அக்கா ஊட்ல திருடிக் குடிக்கற ஆளா நானு?" என்றான். குதிரையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தமயந்தியும் புருஷனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். "என் இடுப்புல இருந்த சாவி எறங்கவே இல்ல. ஜாடிய நம்புவீங்க, மனுஷன நம்பமாட்டீங்க" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

ஆடிக் கிருத்திகைக்கு வந்த ரயில்களில் மனிதரைவிடக் காவடி அதிகம். அந்தக் கூட்டத்தில் பிதுங்கி, மைக்ராஸ்கோப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு புரொபசர் இறங்கினார். கஜபதி பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வழியெல்லாம் பம்பையும் அரோகராவும். ஒன்றும் அவன் காதில் விழவில்லை.

புரொபசர் முதலில் மற்ற ஜாடிகளைப் பார்த்தார். பாதி, முக்கால் என்று ஸ்பிரிட் இறங்கி, மேலே நின்ற கூனிகள் கருவாடாகியிருந்தன. ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். கடைசியில் குளிர்கால ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேல என்ன மினுங்குது?"

"எண்ணெய் சார்."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய் சார். நான்தான் ஊத்தினேன்."

"நான்தாங்க ஊத்தச் சொன்னேன்" என்றாள் தமயந்தி, கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஊத்த யாரைக் கேட்டீங்க? இது என்ன ஊறுகாயா?" புரொபசரின் குரல் உயர்ந்தது. ஜாடியை வைக்கப் போனவர் வெளியே கட்டியிருந்த நூல்களைப் பார்த்து நின்றார். "இந்த நூல் எப்போ கட்டினது?"

"கடைசி நூல் ஆனியில கட்டினது சார். எண்ணெய் மேல வந்த அன்னிக்கி."

"அதுக்கப்புறம் மட்டம் இறங்கவே இல்லையே."

"அது ஸ்பிரிட்டு இல்ல சார். தண்ணி. யாரோ மாத்திட்டாங்க."

புரொபசர் மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் கைவிட்டு, பஞ்சில் சுற்றியிருந்த மருந்துப் புட்டி ஒன்றை எடுத்தார். "இது உங்க ஆபீசருக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லி, அதிலிருந்த ஸ்பிரிட்டை ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் விட்டார். தமயந்தி கொடுத்த எண்ணெயிலிருந்து ஒரு துளி எடுத்து அதில் போட்டார். துளி கீழே போயிற்று. தண்ணீர் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்தார். துளி ஆடியது, நடுவில் தொங்கியது, கடைசியில் மேலே வந்து நின்றது.

"ஸ்பிரிட் பலமா இருந்தா எண்ணெயைவிட லேசு. எண்ணெய் முழுகும். உன் ஜாடியில ஸ்பிரிட் ஆவியாகி ஆவியாகி, அதிலேயே இருந்த தண்ணி பங்கு ஏறிடுச்சு. பலம் குறைஞ்சுது, கனம் கூடுச்சு. எண்ணெய் தானா மேல வந்து மூடி போட்டுடுச்சு. யாரும் எதையும் மாத்தலை."

கஜபதி டம்ளரையே பார்த்தான். அவன் மனத்தில் ஓடியது கூனி அல்ல. உப்புத் தண்ணீர் வழிந்த கண்ணையனின் முகம்.

புரொபசர் அன்றெல்லாம் குனிந்தபடியே இருந்தார். குளிர்கால ஜாடியிலிருந்து கூனிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து அளந்தார். கால் ரோமங்களில் எண்ணெய் அப்பிக்கொண்டிருந்தது. "ரோமத்தைப் பத்தி இனிமே நான் ஒரு வரி எழுத முடியாது. அது போச்சு" என்றார். அதில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "நீளம் இருக்கு" என்றார்.

தட்டில் கூனிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தன. சின்னவை ஒரு பக்கம், பெரியவை ஒரு பக்கம். இடைப்பட்டவை மிகச் சில.

"ஒரே வலை, ஒரே குளிர்காலம், ரெண்டு அளவு. என்ன அர்த்தம் சொல்லு."

கஜபதி குனிந்து தட்டைப் பார்த்தான். "பெரிசுங்க போன வருஷத்துக் குளிரையும் தாண்டினதுங்களா சார்?"

"குறைஞ்சது அதுவாவது. ஒரு வருஷத்துல முத்துற ஜந்து இல்லை இது." புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோடை ஜாடிகளில் காய்ந்து போனவற்றை வேறு ஊர்களில் கேட்டு வாங்கலாம், இதை வாங்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கஜபதியைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவன் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போனான். கண்ணையன் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ணையா, புரொபசருக்கு வண்டி வேணும்."

"எத்தினி ஜாடி ஏத்தணும்? ஏத்தறதுக்கு முந்தி ஒருதரம், எறக்கனதுக்கு அப்பால ஒருதரம் அளந்து பாத்துக்கோ."

"தப்பு பண்ணிட்டேன்டா. நீ தொடல. எண்ணெய் தானா மேல வந்துச்சி."

"தானா வந்துச்சா?" கண்ணையன் கொள்ளுப் பையைக் கீழே வைத்தான். "எண்ணெய் தானா எந்திரிச்சி வந்ததுக்கு என் வாயில உப்புத் தண்ணியா?"

"ஆங்."

"நாளைக்கு மழ வரலன்னா என்ன கெணத்துல தள்ளுவியா பாவா?" என்று கேட்டுவிட்டு, குதிரையைப் பூட்டினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். அக்காள் நீட்டிய சொம்பை வாங்காமல் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்று, பிறகு வாங்கி, அதில் இருப்பது மோர்தானா என்று சத்தமாகக் கேட்டுவிட்டுக் குடித்தான்.

குண்டு பயம் தணிந்து, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜாடிகள் சென்னைக்குத் திரும்பின. அங்கே ஸ்பிரிட்டுக்குத் தடையில்லை. புரொபசர் குளிர்கால ஜாடியின் எண்ணெயை மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, பழைய ஸ்பிரிட்டை வடித்து, பலமான புது ஸ்பிரிட்டை ஊற்றினார். கூனிகளின் இடுக்கில் எங்கேயோ ஒட்டியிருந்த எண்ணெய் ஒரு துளியாகத் திரண்டு, மேலே வராமல், மெதுவாக அடிக்குப் போய் உட்கார்ந்தது. காரணம் தெரிந்திருந்தும் கஜபதியின் கை மார்புக்குப் போயிற்று.

"சார், முழுவுது."

"முழுகட்டும். பலமா இருக்குன்னு அர்த்தம்."

யுத்தம் முடிந்து அந்தக் கட்டுரை அச்சானபோதும் கஜபதி அதே அறையில் அதே அட்டெண்டராகத்தான் இருந்தான். காலையில் கதவைத் திறந்ததும் விளக்குப் போடுவதற்கு முன்னால், துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால், நேராக அந்த ஜாடியிடம் போவான். குனிந்து, அடிப்பக்கம் பார்ப்பான். மஞ்சளாக ஒரு துளி அடியில் கிடந்தால், அன்றைய பொழுதுக்கு மூச்சு விடுவான்.